ஜொய்சி போட்ட வரம்பு

ஜொய்சி பிறந்து வளர்ந்தது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில். இதை அவள் குறையாகச் சொல்வதில்லை. முகவரி சொல்வது போலச் சொல்வாள்.

நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வீதியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே படியேறினால் அந்த லயம் வரும். மேலே ஊற்றிலிருந்து வரும் ஒரே குழாய், முதல் காம்பராவில் தொடங்கி வாசல் வாசலாகக் கடந்து ஜொய்சி வீட்டு வாசலில் முடிகிறது. முதல் வீட்டில் பீப்பாய் நிரப்புவார்கள். அடுத்த வீட்டில் துணி அலசுவார்கள். நடுவில் ஒருவர் தன் ஓட்டோவைக் கழுவுவார். கடைசி வாசலில் குழாய் காற்றைத்தான் துப்பும். பள்ளிக்கூட நாட்களில் அவள் தலைமுடி எப்போதும் எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"யாரும் கெட்டவங்க இல்லடி," என்பாள். "தண்ணி வருதுன்னா யாருதான் மூடுவா? பின்னால ஒருத்தி குடத்தோட நிக்கிறது முன்னுக்கு இருக்கிறவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்துவிட்டு போன வருடக் கடைசியில் நோர்வூட்டுக்கு வந்தேன். அடுத்த விசா வரும்வரை அம்மா வீட்டில் இருப்பதாக எண்ணம். வீட்டில் சிக்னல் கிடையாது. அதனால் மாதா கோயில் மண்டபத்துக்குப் போய் உட்காரத் தொடங்கினேன். மண்டபத்தின் ஒரு பக்கத்தைப் பலகையால் மறைத்துக் கணினி நிலையம் நடத்திக்கொண்டிருந்தாள் ஜொய்சி.

அவள் கொழும்பில் ஒரு கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை பார்த்தவள். முதலில் தூசி துடைத்தாள். பிறகு திருகாணி கழற்றினாள். கடைக்காரர் விண்டோஸ் மட்டுமே அறிந்தவர் என்பதால், லினக்ஸ் போட்ட பெட்டிகள் வந்தால் இவளிடம் தள்ளிவிடுவார். இணையத்தில் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டாள். அம்மா ஜோசப்பினுக்கு முழங்கால் இரண்டும் போய், படி இறங்க முடியாமல் ஆனபோது வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஜோசப்பினுக்கு வேறு பிள்ளை இல்லை.

நிலையத்தில் பத்துத் திரைகள் இருந்தன. பார்ப்பவர்கள் பத்துக் கம்பியூட்டர் என்று நினைப்பார்கள். உண்மையில் இருந்தது ஒன்றுதான். மூலையில், மேசைக்கடியில், இரைந்துகொண்டிருக்கும் பழைய சேர்வர் ஒன்று. வெளிநாட்டுத் தேவாலயம் ஒன்று கோயிலுக்குக் கொடுத்தது. பத்துப் பேரும் அவரவர் பெயரில் அதற்குள் நுழைந்து, அதன் மூளையைப் பங்கு போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள்.

நான் போன சமயத்தில் அந்த இடத்தில் ஒரு பரபரப்பு இருந்தது. கொழும்பில் ஒரு கம்பனி படங்களில் பெட்டி போடும் வேலையைத் தர முன்வந்திருந்தது. ஏதோ ஒரு நாட்டுத் தெருவின் படம் வரும். அதில் கார் எது, சைக்கிள் எது, நடந்து போகிற மனிதர் எது என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடிட்டுக் காட்ட வேண்டும். தானாக ஓடும் கார்களுக்குக் கண் பழக்குவதற்காம். ஒரு வாரம் சோதனை. பத்துப் பிள்ளைகளும் தங்களுக்கு வந்த படக்கட்டுகளை வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் முடித்துக் கொடுத்தால் நிரந்தர வேலை. ஒருவர் குறைந்தாலும் இல்லை.

அந்தப் பிள்ளைகளுக்கு அது என்ன என்பதை நான் சொல்லாமலே இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நிலக்ஷிக்குத் தூரத்தில், கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலை ஒன்றில், தையல் வேலை தயாராக இருந்தது. ஜொய்சியின் பேச்சைக் கேட்டு அதைத் தள்ளிப்போட்டிருந்தாள். பூரணிக்கு அந்த வழியும் இல்லை. அவள் அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் பாதி ஆஸ்பத்திரியில். மகள் ஊரைவிட்டு நகர முடியாது. ஜொய்சியின் நிலையும் அதுதான். நடக்க முடியாத அம்மாவை மலையுச்சியில் விட்டுவிட்டு எங்கே போவது? வீட்டிலிருந்து நடந்து போய்ச் செய்கிற ஒரு வேலை, தேயிலை இல்லாத ஒரு வேலை. அவ்வளவுதான் கேட்டார்கள்.

சோதனையின் முதல் நாளே சேர்வர் நின்றது.

"அக்கா, நிக்குது!"

"எனக்கும் நிக்குதுக்கா!"

பத்துத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்துவிட்டன. ஜொய்சி எட்டிப் பார்த்தாள். நிலக்ஷி படத்துக்குப் பின்னால் இந்திய நாடகம் ஒன்றை ஓடவிட்டிருந்தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் சேலைக் கடைகள்.

"இது என்னடி?"

"சத்தத்தைக் கொறைச்சுத்தானேக்கா வச்சிருந்தேன்."

"சத்தத்த இல்லடி, மூளையைத் தின்னுட்ட. பத்துப் பேர் மூளையையும் நீ ஒருத்தியே தின்னுட்ட."

"நாத்தனார் வெஷம் வச்சிட்டாக்கா. முடிவு தெரியாம நான் எப்புடிக் கோடு போடுறது?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜொய்சி சிரிக்கவில்லை. கடைசித் திரையில் உட்கார்ந்திருந்த பூரணியைப் பார்த்தாள். பூரணி அன்று ஒரு படம்கூட முடித்திருக்கவில்லை.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன், ஜொய்சி லிமிட்ஸ் என்ற கோப்பைத் திறந்தாள். நான் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பயனர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்லும் இடம் அதுதான் என்றாள். ஒரு பெயருக்கு இவ்வளவு நினைவகம். ஒரு பெயர் ஒரே நேரத்தில் ஓடவிடக்கூடிய வேலைகள் இத்தனை. திறந்து வைத்திருக்கக்கூடிய கோப்புகள் இத்தனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வரம்பிலும் இரண்டு வகை. ஒன்றை அந்தப் பயனரே கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாம். மற்றது கல் போட்ட வரம்பு. அதை ஜொய்சி மட்டும்தான் நகர்த்த முடியும்.

"எல்லாருக்கும் கல்லு," என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். "எங்க லயத்துக் குழாயில இப்படி ஒண்ணு வச்சிருந்தா நானும் தினம் தல குளிச்சிருப்பேன்."

அவள் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடைசியாக ஒரு வரி போட்டாள். ஒரு பெயரில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பது அந்த வரி. போட்டுவிட்டு விரலை எடுத்தாள். சற்று யோசித்தாள். பிறகு வரியின் முன்னால் ஒரு குறியைப் போட்டு, அது செல்லாதபடி செய்தாள்.

"ஏன், அது வேணாமா?"

"வேணாம்."

அப்போதுதான் ஜோசப்பினுடைய காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜோசப்பினுக்குக் கடுமையான காய்ச்சல். இருந்தும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றாளாம். நின்றால்தான் கணக்கில் ஏறும். மலைக்குப் போனதும் மற்றப் பெண்கள் அவளை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து, தலையில், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைப் போர்த்திவிட்டார்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒவ்வொருத்தியும் தன் கூடையிலிருந்து ஒரு பிடி, இரண்டு பிடி என்று அவள் சாக்கில் போட்டார்கள். நிறுத்தபோது ஜோசப்பினுக்குக் குறையவில்லை. கங்காணிக்குத் தெரியும். அவருக்கு மேலே இருந்த தோட்ட அதிகாரி கண்டாக்கு ஐயாவுக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது அந்த மலையில் மட்டும் நடந்ததல்ல, எல்லா மலையிலும் உள்ள பழக்கம்.

"அன்னைக்கு அடுத்தவ பேர்ல கொழுந்து போடக்கூடாதுன்னு யாராச்சும் கல்லு வச்சிருந்தா எங்க வீட்ல அடுப்பு எரிஞ்சிருக்காது," என்றாள். "யாருக்காவது ஏலாமப் போச்சுன்னா மத்தவங்க செய்யட்டும். அந்தக் கதவு தொறந்தே இருக்கட்டும்."

வரம்பு நன்றாக வேலை செய்தது. நாடகம் திறந்தால் நிலக்ஷியின் நாடகம்தான் செத்தது. மற்ற ஒன்பது திரைகளும் ஓடின.

"ஜொய்சி கண்டாக்கையா வந்துட்டாரு," என்று நிலக்ஷி முணுமுணுத்தாள். "தொப்பியும் அரைக் கால்சட்டையும்தான் குறைச்சல்."

"பேசாம கோடு போடு."

"எங்கக்கா போடுறது? இந்த ஊர்ல மனுசரே இல்ல. ரோட்ட மட்டும் படம் புடிச்சு அனுப்பியிருக்கான்."

நான் குனிந்து பார்த்தேன். ட்ராம் தண்டவாளம், மஞ்சள் நிறத் தரிப்பிடம். அந்தத் தரிப்பிடத்தில் நான் ஒரு குளிர்காலம் முழுக்க நின்றிருக்கிறேன். சொன்னேன்.

"நெசமாவா? இப்ப நின்னிருந்தா உங்களையும் சேத்துப் பெட்டி போட்டிருப்பேன்," என்றாள் நிலக்ஷி. பூரணிகூடச் சிரித்தாள்.

வியாழக்கிழமை பூரணியின் அம்மாவை வீட்டுக்கு விடாமல் ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பூரணி வரவில்லை. அவளுடைய கட்டுகள் பல முடியாமல் கிடந்தன. நிலக்ஷியும் அனுஷ்கா என்ற இன்னொரு பிள்ளையும் தங்கள் பங்கை முடித்துவிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. இருவரும் தங்கள் பெயரிலிருந்து வெளியே வந்து, பூரணியின் பெயரில் உள்ளே நுழைந்தார்கள். அவளுடைய கடவுச்சொல் எல்லோருக்கும் தெரியும். அவள் அம்மாவின் பெயர்தான் அது. கம்பனி தந்த மென்பொருள், உள்ளே நுழைந்த பெயர் எதுவோ அந்தப் பெயரிலேயே வேலையைக் கணக்கில் சேர்க்கும். ஆளுக்கொரு கட்டை எடுத்துக்கொண்டு வேகமாகக் கோடு போட்டார்கள்.

ஜொய்சி அதைக் கண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

பின்னேரம், மூன்று மணியளவில், மண்டப வாசலில் பூரணி வந்து நின்றாள். பஸ்ஸைத் தவறவிட்டு, மழையில் பாதி தூரம் நடந்து, பிறகு யாருடைய லொறியிலோ ஏறி வந்திருந்தாள். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா எப்படி?" என்றாள் ஜொய்சி.

"முழிச்சிருக்காங்க. பக்கத்துக் கட்டில் அக்கா பாத்துக்கிறாங்க. போய் முடிச்சிட்டு வான்னு அம்மாதான் அனுப்பினாங்க."

"நாங்க செய்றோம்டி, நீ தலைய தொடச்சுக்க," என்றாள் நிலக்ஷி.

"இல்ல, என்னோடத நான் செய்றேன். மூணு பேர் செஞ்சா வெரசா முடியும்ல?"

தன் கடைசித் திரையில் உட்கார்ந்து, தன் பெயரைத் தட்டி உள்ளே போனாள். திரை கறுப்பாகி நின்றது. ஒரு ஓரத்தில் கடிகாரம் மட்டும் வந்தது.

"அக்கா, என் கோடு வர மாட்டேங்குது," என்றாள் நிலக்ஷி.

"என்னோடது மூடிருச்சு!" அனுஷ்கா எழுந்துவிட்டாள். "அக்கா, தானா மூடிருச்சு!"

ஜொய்சி ஓடி வந்து, சேர்வரோடு இருந்த தன் திரையில் பார்த்தாள். வளம் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை என்று ஒரு வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்தவள் அவள். ஆனால் வரம்பு ஆட்களை எண்ணுவதில்லை, பெயரைத்தான் எண்ணும். பூரணி என்ற பெயருக்கு ஒருத்தி வேலை செய்யுமளவுக்கும் அதற்கு மேல் கொஞ்சமும் கொடுத்திருந்தாள். இரண்டு பேர் அதற்குள் நெருக்கியடித்து இருந்துவிட்டார்கள். மூன்றாவதாகப் பூரணியே வந்ததும் கல்லில் முட்டிவிட்டது.

கோப்பைத் திறந்தாள். எண்ணைக் கூட்டினாள். சேமித்தாள்.

"இப்ப பாருங்க."

"அப்படியேதான்க்கா இருக்கு."

மறுபடி பார்த்தாள். மறுபடி கூட்டினாள். பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. புதிய எண் புதிதாக உள்ளே நுழைபவர்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் நுழைந்தபோது இருந்த வரம்போடுதான் இருப்பார்கள்.

"வெளிய வந்துட்டுத் திரும்பப் போகணும்."

"வந்தா?" என்றாள் நிலக்ஷி. அவளுக்குப் பதில் தெரியும். கட்டு முழுவதும் முடிந்தால்தான் அந்த மென்பொருள் சேமிக்கும். "அக்கா, நான் முக்காவாசி முடிச்சிட்டேன். சும்மா ஒரு கோடு போட விட்டாப் போதும்."

"வேற வழி இல்லம்மா."

"நான் வராம இருந்திருக்கணும்," என்றாள் பூரணி.

நிலக்ஷியும் அனுஷ்காவும் வெளியே வந்து திரும்ப நுழைந்தார்கள். பூரணியின் கறுப்புத் திரை எந்தச் சாவிக்கும் அசையவில்லை. அவளை, வேலை முடித்துவிட்டுப் போன ஒருத்தியின் திரையில் உட்கார வைத்தாள் ஜொய்சி. மூவரும் முதல் படத்திலிருந்து தொடங்கினார்கள். பூரணியின் விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. கோடுகள் கார்களை விட்டு விலகி வானத்தில் போய் நின்றன. நாலு மணிக்கு மென்பொருள் தானாகவே பூட்டிக்கொண்டது. மூன்று கட்டுகளும் பாதியில் நின்றன.

திங்கட்கிழமை கம்பனியிலிருந்து நிப்ராஸ் பேசினார். இந்த வேலையை ஒருங்கிணைப்பவர். ஹட்டனில் பிறந்தவர். ஜொய்சி தொலைபேசியின் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"மிஸ், ஒரு ஆளோடது குறைஞ்சதுக்கு நான் கதைச்சுப் பாத்திருப்பேன். இது வேற பிரச்சினை. ஒரே பேர்ல மூணு திரையில ஒரே நேரத்துல வேலை நடந்திருக்கு. எல்லாம் பதிவாகியிருக்கு."

"அந்தப் புள்ளயோட அம்மா ஆஸ்பத்திரியில சேர். மத்தப் புள்ளைங்க கைகுடுத்தாங்க. எங்க பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியும் மிஸ். எங்க வாப்பா கடை வச்சிருந்ததே தோட்டத்துக்குப் பக்கத்துலதான். மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ஆள்மாறாட்டம்ன்னு எழுதிட்டாங்க. நான் சொன்னேன். இந்த மாதிரி இடங்கள்ல இப்படித்தான் நடக்கும், அதனாலதான் வேணாங்கிறோம்ன்னு சொல்றாங்க."

ஜொய்சி ஒலியைச் சற்றுக் குறைத்தாள்.

"இன்னொண்ணு மிஸ். பத்துப் பேரோட கணக்கையும், படங்களையும் இந்தக் கிழமைக்குள்ள அழிச்சிரச் சொல்றாங்க. அழிச்சிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சரி சேர்."

நிலக்ஷி அடுத்த நாள் கட்டுநாயக்கவுக்குப் போனாள். தள்ளிப்போட்டதால் பழைய இடம் கிடைக்கவில்லை, வேறு ஒரு தொழிற்சாலையாம். பூரணி பெரட்டுக்குப் போய் நிற்கிறாள் என்று அனுஷ்கா சொன்னாள். நிலையம் இனி எதற்கு என்று கோயிலில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பலகை மறைப்பை எடுத்தால் கல்யாணங்களுக்கு இடம் தாராளமாக இருக்கும் என்று மட்டும் ஃபாதர் சொன்னார். நோர்வூட்டில் ரிஸ்வி நானாவின் போன் கடையில் கண்ணாடி ஒட்டும் வேலைக்கு ஜொய்சி சம்மதித்துவிட்டாள். கடை மாலை வரைக்கும்தான். இருட்டுமுன் மலையேறி அம்மாவிடம் போய்விடலாம்.

எனக்கு விசா வந்துவிட்டது. விடைபெறப் போன அன்று அவள் தனியாக சேர்வரின் முன் இருந்தாள்.

"ஒண்ணு கண்டுபிடிச்சேன்டி," என்றாள். "உள்ளே இருக்கிறவங்களோட வரம்பையும் வெளியேயிருந்து கூட்டலாம். யாரும் வெளிய வரத் தேவையில்ல. ஒரே ஒரு கட்டளை. சனிக்கிழமை படிச்சேன்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தாலும் மூணு திரைன்னு பதிவாகியிருக்கும்ல? ஒருத்தருக்கு ஒரு தடவைன்னு அந்தக் கடைசி வரியப் போட்டிருந்தா பூரணிக்குக் கட்டு கொறஞ்சிருக்கும். வரம்பே வைக்காட்டி முத நாளே எல்லாருக்கும் செத்திருக்கும். எல்லாப் பக்கமும் போய்ப் பாத்துட்டேன். எப்படிப் போனாலும் அங்கதான் வந்து நிக்குது."

இதைச் சொன்ன குரலில் அழுகை இல்லை. பழுது பார்க்கிறவர் பெட்டியை மூடும்போது பேசுகிற குரல்தான்.

பிறகு கணக்குகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினாள். பெயரைத் தட்டினாள், அழுத்தினாள். நிலக்ஷி போனாள். அனுஷ்கா போனாள். ஒவ்வொரு முறையும் திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. லினக்ஸில் ஒரு வேலை சரியாக முடிந்தால் அப்படித்தான், அது எதையும் சொல்லாது.

பூரணியின் பெயருக்கு மட்டும் சொன்னது. பூரணி என்ற பயனர் இப்போது பயன்பாட்டில் இருப்பதால் அழிக்க முடியாது என்றது.

ஜொய்சி கடைசித் திரையைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து யாரும் சேர்வரை நிறுத்தவில்லை. அன்று பூரணி நனைந்த கையோடு தட்டி உள்ளே போனாளே, அந்த நுழைவு பாதியில் முட்டி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. கறுப்புத் திரையின் ஓரத்தில் கடிகாரம் வெள்ளிக்கிழமை பின்னேரத்தைக் காட்டியது.

"இன்னும் உள்ளதான் இருக்கா," என்றாள் ஜொய்சி.

அந்த நுழைவுக்குச் சேர்வர் கொடுத்திருந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தாள். கொல்லும் கட்டளையைத் தட்டினாள். விரல் சாவியின் மேல் நின்றது. வெளியே யாரோ கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து படியில் மோதவிட்டார்கள். அவள் அழுத்தினாள். மறுபடி பெயரைத் தட்டினாள். திரை ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தது.

எழுந்து, வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். இரைச்சல் மெல்ல இறங்கி நின்றது.

"ஒனக்கு பஸ் எத்தனைக்கு?" என்றாள். "நேரமிருந்தா வா, கதிரை தூக்கலாம். சனிக்கிழமை இங்க கல்யாணம்."